கிளைடின் இடது கை

2016 கிறிஸ்துமஸ் அன்று பாடகர் ஜார்ஜ் மைக்கேல் இறந்த செய்தி வந்தபோது, என் வயதுக்காரர்கள் பலரும் செய்ததையே நானும் செய்தேன். பழைய பாட்டுகளைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் விழித்திருந்தேன். அதிலும் ‘ஃப்ரீடம்! 90’. கல்லூரி நாட்களில், பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பாட்டு நிரப்பித் தரும் கடையில் காத்திருந்து வாங்கிய கேசட்டின் பி பக்கத்தில் முதல் பாட்டு அது. ஒரு வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அது மட்டுமே ஓடியது. மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வானொலியை வைத்தார். அதன்பின் எட்டு வாரம்கூட ஆகவில்லை. 2017 பிப்ரவரி 18 அன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் என்கிற ஊரில், கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் என்ற டிரம்ஸ் கலைஞர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். வயது 73. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் அந்த இரங்கல் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசித்த தாளத்தை வெட்டி எடுத்துப் பயன்படுத்திய பாடல்களின் வரிசையில் ‘ஃப்ரீடம்! 90’ இருந்தது. நான் டிசம்பரில் துக்கம் காத்த பாட்டின் அடியில் ஓடிக்கொண்டிருந்த கை இவருடையது. நான் துக்கம் காத்தபோது அந்தக் கைக்குரியவர் உயிரோடுதான் இருந்திருக்கிறார்.

இந்த மாதிரி தவறு எனக்குப் புதிதும் இல்லை. அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்னால், அதுவும் ஒரு கிறிஸ்துமஸ் அன்றுதான், 2006-இல் ஜேம்ஸ் பிரவுன் அட்லாண்டாவில் இறந்தார், கிளைட் ஒரு காலத்தில் டிரம்ஸ் வாசித்த குழுவின் பாடகர். அந்தச் சாவு ஊரறிந்த சாவு. வெள்ளைக் குதிரைகள் இழுத்த வண்டியில் அவருடைய பெட்டி நியூயார்க்கின் ஹார்லெம் வீதிகள் வழியாக அப்போலோ அரங்கத்துக்குப் போனது. மணிக்கணக்கில் வரிசையில் நின்று ஜனங்கள் அவர் முகம் பார்த்தார்கள். பிறகு சொந்த ஊரான அகஸ்டாவில், அவர் பெயரையே தாங்கிய அரங்கத்தில் இன்னொரு பெரிய அஞ்சலி. நானும் தொலைவில் இருந்துகொண்டு என் பங்குக்கு, கிளைடின் அந்தத் தாளம் இருக்கிற ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டைப் போட்டுக் கேட்டேன், இந்தத் தாளத்துக்குரிய ஆள் போய்விட்டார் என்று வருத்தப்பட்டேன். சட்டையைப் போட்டிருந்தவரைத் தையல்காரர் என்று நினைத்துக்கொண்ட கதை. பாட்டின் பெயரிலேயே ‘டிரம்மர்’ என்று இருக்கிறது. அந்த டிரம்மர் யார் என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

இருபது நொடி

1969 நவம்பர் 20. சின்சினாட்டி நகரத்தில் கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடம். பாடுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லாத, ஒரே நடையில் வட்டமடித்துக்கொண்டிருக்கும் நீண்ட பாட்டு. ஜேம்ஸ் பிரவுன் ஆர்கனைத் தட்டிக்கொண்டு நடுநடுவே குரல் கொடுக்கிறார். மேசியோ பார்க்கரின் சாக்ஸஃபோன் வருகிறது, போகிறது. ஐந்து நிமிடத்துக்கும் மேல் இப்படியே போனபிறகு பிரவுனுக்கு என்னவோ தோன்றுகிறது. டிரம்ஸ்காரருக்குக் கொஞ்சம் இடம் கொடுப்போம் என்று குழுவிடம் சொல்கிறார். அடுத்து டிரம்ஸ்காரரைப் பார்த்து, ‘சகோதரா, நீ தனி ஆவர்த்தனமெல்லாம் வாசிக்க வேண்டாம், கையில் இருப்பதையே பிடித்துக்கொள், விட்டுவிடாதே’ என்கிற பொருளில் ஓர் எச்சரிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுகிறார். எண்ணி முடித்ததும் கிட்டார், பாஸ், ஊதுகுழல்கள் எல்லாம் நின்றுபோகின்றன.

மிஞ்சுவது ஒரே ஆள். நான்கு எண்ணிக்கை கொண்ட சுற்று, எட்டுச் சுற்று, ஏறக்குறைய இருபது நொடி. வலது கை ஹை-ஹாட் தட்டில் எண்ணிக்கைக்கு நான்காக, நம் கணக்கில் சொன்னால் சதுஸ்ர நடையில், இடைவிடாமல் பொரிந்துகொண்டே போகிறது. கால் பெரிய டிரம்மில். இடது கை ஸ்நேர் டிரம்மில் இரண்டாம் எண்ணிக்கையிலும் நான்காம் எண்ணிக்கையிலும் பளீரென்று விழுகிறது. அந்த இரண்டு அடிகளுக்கு நடுவே அதே இடது கை வேறு என்னவோ முணுமுணுக்கிறது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அந்த இருபது நொடி முடிந்ததும் பிரவுனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்தப் பாட்டுக்குப் பெயரே ‘ஃபங்கி டிரம்மர்’தான் என்று அங்கேயே அறிவித்துவிடுகிறார். பெயர் சூட்டு விழா நடந்துவிட்டது. யாரை வைத்துப் பெயர் சூட்டினாரோ அவர் பெயர் மட்டும் அதில் இல்லை.

1970-இல் இரண்டு பக்கமும் பிரித்துப் போட்ட சின்ன இசைத்தட்டாக அது வெளிவந்தது. பிரவுனின் பெரிய வெற்றிகளோடு சேர்த்து யாரும் அதை எண்ணவில்லை. 1986-இல் ஒரு தொகுப்பு இசைத்தட்டில் முழு நீளத்துக்கு மறுபடி வந்தது, கூடவே அந்த டிரம்ஸ் பகுதியை மட்டும் நீட்டி ஒட்டிய இன்னொரு வடிவமும். அடுத்த வருடமே, ஒலித் துண்டுகளைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் எஸ்பி-1200 என்கிற கருவி சந்தைக்கு வந்தது. அதன் நினைவகத்தில் மொத்தமே பத்து நொடி ஒலிதான் கொள்ளும். அந்தப் பத்து நொடிக்குள் எதை அடைப்பது என்று ராப் இசை செய்யும் நியூயார்க் இளைஞர்கள் அலைந்துகொண்டிருந்த காலம் அது. பாடகர் குரலோ கிட்டாரோ குறுக்கே வராத, எங்கே வெட்டி எங்கே ஒட்டினாலும் மூட்டு தெரியாத டிரம்ஸ் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கிடைத்தது. பப்ளிக் எனிமி குழுவின் ‘ஃபைட் தி பவர்’, எல்.எல். கூல் ஜே-யின் ‘மாமா செட் நாக் யூ அவுட்’ என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் அந்த இருபது நொடியின் ஏதாவது ஒரு துண்டு இருக்கிறது.

அவற்றில் என்னை விடாத பாட்டு 1990-இல் சினேட் ஓ’கானர் பாடியது. காதலியின் சமாதிமேல் படுத்துக்கொண்டு, எழுந்துபோக மறுத்து ஒருவன் புலம்பும் பழைய ஐரிஷ் கவிதை. ஒப்பாரிதான், வேறு பெயர் சொல்ல முடியாது. அந்த ஒப்பாரிக்குக் கீழே, சின்சினாட்டியில் ஒரு நவம்பர் நாள் கிளைட் வாசித்த அதே நடை ஓடுகிறது. கேட்கும்போது ஆட வேண்டுமா அழ வேண்டுமா என்று காலுக்கும் கண்ணுக்கும் தகராறு. கிளைட் இறந்ததை வாசித்த அன்று, அவருக்கு என்று நான் போட்டுக் கேட்டது இதைத்தான். அவருக்கான ஒப்பாரிக்கு அவரே தாளம் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பணக் கணக்கு

அந்த வாரம் வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை கோபத்தில் எழுதப்பட்டவை. ஆயிரம் பாடல், கோடிக்கணக்கில் வருமானம், வாசித்தவருக்கு அதில் பங்கே இல்லை என்ற கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஒலிப்பதிவுக்கு வந்த வாத்தியக்காரருக்குக் கூலி அன்றோடு முடிந்தது. பாட்டை இயற்றியவர் என்று பதிவானது ஜேம்ஸ் பிரவுன் பெயர். மெட்டுக்கும் வார்த்தைக்கும் உரிமையாளர் உண்டு. நடைக்கு உரிமையாளர் என்று சட்டம் பொதுவாக யாரையும் பார்ப்பதில்லை. 1991-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, அனுமதி இல்லாமல் பிறர் பாட்டிலிருந்து துண்டு எடுப்பதைத் திருட்டு என்றே சொல்லிவிட்ட பிறகு, நிறுவனங்கள் பணம் கட்டி அனுமதி வாங்கத் தொடங்கின. அந்தப் பணமும் பாட்டை இயற்றியவருக்கும் இசைத்தட்டு உரிமையாளருக்கும் போயிற்று. கிளைட் இரண்டும் இல்லை. மருத்துவக் காப்பீடு இல்லாமல், சிறுநீரகப் பழுதோடு வருடக்கணக்கில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். அதற்கும் முன்பு, 2000 வாக்கில், சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தபோது சுமார் 90,000 டாலர் மருத்துவச் செலவைப் பாடகர் பிரின்ஸ் கொடுத்திருக்கிறார். கொடுத்தவர் மூச்சுவிடவில்லை. 2016 ஏப்ரலில் பிரின்ஸ் இறந்த பிறகு கிளைட்தான் வெளியே சொன்னார். அடுத்த பத்து மாதத்தில் அவரும் போய்விட்டார்.

இதையெல்லாம் வாசித்து நானும் கொதித்தேன். ஆனால் இரண்டு மூன்று நாளில் அந்தக் கொதிப்பு எனக்கே ஒருமாதிரி பட ஆரம்பித்தது. எந்த அஞ்சலியைத் திறந்தாலும் முதல் வரியில் ஆயிரம், இரண்டாம் வரியில் பூஜ்யம். நடுவில் இருந்த மனிதர் எங்கே? டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவில் பிறந்த பையன், ஆலைப் புகைபோக்கி விட்டுவிட்டு மூச்சுவிடும் சத்தத்தையும் ரயில் தண்டவாளச் சத்தத்தையும் கேட்டு, அதற்கு ஏற்றபடி நடந்து, தட்டிப் பழகியவர். இசைக்குறிப்பு பார்த்து வாசிக்கக் கற்றதில்லை. வாயால் முனக முடிந்தால் கையால் வாசித்துவிடுவார். 1965-இல் பிரவுன் குழுவில் சேர்ந்தபோது மேடையில் ஏற்கெனவே டிரம்ஸ்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சீக்கிரமே இவரும் ஜாபோ ஸ்டார்க்ஸும் மட்டும் மிஞ்சினார்கள். பிரவுனிடம் வேலை பார்ப்பது லேசு இல்லை. சுருதியோ தாளமோ பிசகினால், காலணி பளபளக்காவிட்டால்கூட, மேடையில் ஆடிக்கொண்டே விரல்களைக் காட்டி அபராதத் தொகையைச் சொல்லிவிடுவார். ரசிகர்கள் அதையும் நடனத்தில் ஓர் அசைவு என்று நினைத்துக் கைதட்டுவார்கள். 1970களின் தொடக்கத்தில் கிளைட் அந்தப் பிழைப்பை விட்டுவிட்டு மேடிசனில் குடியேறினார். அங்கே வருடக்கணக்கில் திங்கட்கிழமை இரவுகளில் தன் குழுவோடு வாசித்தார். உள்ளூர்க்காரர்களுக்கு அவர் திங்கட்கிழமைக்காரர். உலகத்தில் மிக அதிகம் திருடப்பட்ட தாளங்களில் ஒன்றுக்குச் சொந்தக்காரர், பீர் விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கக்கூடிய ஆளாக இருந்திருக்கிறார். எனக்கு இது அவலமாகத் தெரியவில்லை, பொறாமையாகத்தான் இருக்கிறது, அந்த ஊர்க்காரர்கள்மேல்.

இன்னொன்றும் உண்டு, அதை அஞ்சலி எழுதியவர்கள் அதிகம் தொடவில்லை. கிளைடுக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. ஒலிப்பதிவுக்கு உட்கார்ந்தபோது கை சும்மா இருக்காமல் எதையோ தட்ட ஆரம்பித்தது, பாஸ் சேர்ந்தது, கிட்டார் சேர்ந்தது, பிரவுனுக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான் என்கிற தோரணையில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். பணத்தைப் பற்றிக் கேட்டபோதும் அவர் பதில் நம் கோபத்துக்குத் தீனி போடவில்லை. எடுத்துக்கொண்டு கொடுக்காமல் விடுவது மரியாதை இல்லை என்றார். ஆனால் அது தன் தூக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதுபோலவும் பேசினார். அவர் கேட்டது வேறு. இசைத்தட்டின் மேல் ‘இதை வாசிப்பது கிளைட்’ என்று பெயர் இருக்க வேண்டும் என்றார். பணத்தைவிட அது போதும் என்றார்.

வாத்தியார் கேட்டது

சின்ன வயதில் மூன்று வருடம் மிருதங்கம் படித்தேன். தொப்பிப் பக்கத்துக்கு ரவை பிசைந்து ஒட்டுவதில் காட்டிய சிரத்தையை வாசிப்பில் காட்டவில்லை என்று வாத்தியாரே சொல்லி என்னை விடுதலை செய்தார். ஆனாலும் போக்குவரத்து விட்டுப்போகவில்லை. அந்த மார்ச் மாதம் அவரைப் பார்க்கப் போனபோது அவருக்கு எண்பது நெருங்கியிருந்தது. கச்சேரிக்குப் போவதை நிறுத்திவிட்டார். விரல்கள் மட்டும் நாற்காலிக் கைப்பிடியில் எப்போதும் எதையாவது வாசித்துக்கொண்டே இருக்கும். நான் கைப்பேசியில் அந்த இருபது நொடியை எடுத்து, காதில் மாட்டும் கருவியை அவரிடம் கொடுத்தேன்.

முதல் தடவை கேட்டுவிட்டு, “நடை சுத்தம்” என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். கைப்பிடியில் விரல்கள் நின்றுவிட்டன, கண்ணை மூடிக்கொண்டார். “மூன்று சத்தம் வருகிறதே, எந்தக் கை எது?” என்று கேட்டார். வலது கை தட்டில், இடது கை ஸ்நேரில், கால் பெரிய டிரம்மில் என்றேன். மூன்றாம் தடவை. “வலது கையை எல்லாரும் கவனிப்பார்கள். நீ இடது கையைக் கேள்” என்றார். “பலமாக விழுகிற இரண்டு அடிக்கு நடுவில் தொட்டுத் தொட்டு விடுகிறான் பார். அது நமக்குக் கேட்க அடிக்கிற அடி இல்லை. இருட்டில் மாடி ஏறுகிறபோது சுவரைத் தொட்டுக்கொண்டே போவோமே, அது மாதிரி. அவன் தனக்கு வழி தெரிவதற்காகத் தொடுகிறான். ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு செத்துப்போகும்.”

டிரம்ஸ் வாசிப்பவர்கள் அந்தத் தொடுதல்களைப் பேய்ச் சுரங்கள் என்று அழைப்பதைச் சொன்னேன். வாத்தியாருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. “பேய் எதற்கு? உயிர்தானே அது” என்றார். அப்புறம், வாசிப்பதற்கு முன்னால் பிரவுன் என்ன சொன்னார் என்பதையும் சொன்னேன். தனி வாசிக்க வேண்டாம், இருப்பதையே பிடித்துக்கொள். வாத்தியார் சிரித்தேவிட்டார். “எங்களிடம் யாராவது தனி வேண்டாம் என்று சொன்னால் மறுநாள் கச்சேரிக்குப் போகமாட்டோம்.” கொஞ்ச நேரம் கழித்து, தனக்குள் பேசிக்கொள்வதைப் போல, “இவனுக்கு இது தனி ஆவர்த்தனமே இல்லை. இவன் முன்னால் செய்ததையேதான் செய்கிறான். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்” என்றார்.

எனக்கு அந்த இடத்தில்தான் ஏதோ பிடிபட்டது. தனி ஆவர்த்தனத்தில் வித்வான் தன்னைக் காட்டுகிறார். கோர்வை, மோரா, தீர்மானம் என்று ஒவ்வொன்றிலும் அவருடைய கையெழுத்து இருக்கும். அதை வெட்டி இன்னொருவர் பாட்டுக்கு அடியில் ஒட்டவே முடியாது. கிளைட் அன்று பிரவுன் சொன்னதைக் கேட்காமல் நாலு சுற்றுக்குக் கை வரிசையைக் காட்டியிருந்தால், அது ஒரு நல்ல டிரம்ஸ் தனி ஆவர்த்தனமாகப் பேசப்பட்டிருக்கும், அவருடைய பெயரோடு. சொன்னபடி கேட்டார். மேலே என்ன வைத்தாலும் தாங்கும்படி ஒரு தரையைப் போட்டார். அதனால்தான் ஆயிரம் பேர் அதன்மேல் வீடு கட்டினார்கள். அதனாலேயே அது யாருடைய தரை என்று கேட்கத் தோன்றவும் இல்லை. இதில் சட்டத்தின் குற்றம் உண்டு, பிரவுனின் பேராசை உண்டு. ஆனால் கேட்கிற காதின் பழக்கமும் உண்டு. அந்தக் காது என் தலையிலும்தான் இருக்கிறது. இதை நினைத்து நான் மௌனமாக உட்கார்ந்திருந்தபோது வாத்தியார் கருவியைக் காதிலிருந்து எடுத்தார்.

“யார் இது?”

“ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மர், சார்.”

“பாடினவர் பேரை நான் கேட்கவில்லையே.”

மூன்று வாரமாக, அவருக்குப் பெயர் கிடைக்கவில்லையே என்று கண்டவர்களிடமெல்லாம் பொரிந்துகொண்டிருந்தவன் நான். கேட்டவுடன் என் வாயில் முதலில் வந்தது பிரவுனின் பெயர். சொன்னேன், கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் என்று. வாத்தியாரின் நாக்கு அந்தப் பின்பாதியோடு கொஞ்சம் மல்லுக்கட்டியது. ஸ்டபில், ஸ்டபிள்ஃபில் என்று இரண்டு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் “கிளைட்” என்று மட்டும் வைத்துக்கொண்டார். “இருக்கிறாரா?” என்றார். போன மாதம் போய்விட்டார் என்றேன். அதுவரை ‘அவன்’ என்று பேசிக்கொண்டிருந்தவர் பெயரைக் கேட்டதும் ‘அவர்’ என்று மாறியதை வீடு திரும்பும் வழியில், பஸ்ஸில்தான் கவனித்தேன்.

அந்த வருடம் மே மாதம் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் கிளைடுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. உயிரோடு இருக்கும்போதே தீர்மானித்ததுதான், மூன்று மாதம் முந்திக்கொண்டுவிட்டார். அதற்கு அடுத்த மே மாதம் ஜாபோ ஸ்டார்க்ஸும் இறந்தார். அவருக்கு இந்த அளவு அஞ்சலிகூட வரவில்லை; அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அவருடைய கை வேறு மாதிரிக் கை.

நான் அந்த எட்டுச் சுற்றைச் சாப்பாட்டு மேஜையில் வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், இத்தனை வருடமாக. வலது கை ஓரளவு ஓடிவிடுகிறது. கால் தரையில் சரியாக விழுகிறது. சிக்கல் இடது கையில். இரண்டு சுற்று வரை தொட்டுத் தொட்டுப் போகும். மூன்றாவது சுற்றில் எனக்கே தெரியாமல் அதற்குத் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆசை வந்துவிடும், தொடுவது தட்டுவதாகிவிடும். போன வாரமும் அப்படித்தான் ஆயிற்று. சமையலறையிலிருந்து மனைவி கேட்டார், வாசலில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள், போய்ப் பாருங்கள் என்று.